பன்னிரண்டு மாணவர்கள், ஆறு வாரம், பழக்கமில்லாத ஊர்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் துறையிலிருந்து ஆண்டுதோறும் பன்னிரண்டு மாணவர்கள் ஆறு வாரக் கள ஆய்வுக்கு வெளிநாடு போகிறார்கள். இதுவரை அவர்களை அழைத்துச் சென்ற மூத்த பேராசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். இந்த ஆண்டே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என் புத்தகம் பாதியில் நிற்கிறது. "சுற்றுலா வழிகாட்டி வேலையா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பதவி உயர்வுக்கு இது கணக்கில் வராது என்றும் சொல்கிறார்கள். மாணவர்கள் நேர்காணல் எடுக்கும்போது நான் கூடவே இருக்க வேண்டுமா? ஒரு மாணவியின் பெற்றோர் நாங்கள் போகும் நாட்டைச் சேர்ந்தவர்கள். அவளுக்கு அந்த மொழி தெரியும். மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கச் சொல்லலாமா? கடைசியாக ஒன்று: சென்ற ஆண்டு ஒரு மாணவி மூன்றாவது வாரத்தில் அழுதபடியே ஊர் திரும்பிவிட்டாள். என் பொறுப்பில் அப்படி நடந்தால் என்ன செய்வேன்?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் அது ஒரு வரிதான். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் சமூகவியல் கற்பித்தேன். அதில் பத்தொன்பது முறை மாணவர்களை வெளிநாட்டுக் களத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர் உடைந்து அழாத பயணம் எனக்கு நினைவில் இல்லை.

முதல் வாரம் எல்லாமே புதிது. மாணவர்கள் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரத்தின் நடுவில் புதுமை தீர்ந்துவிடும், ஆனால் பழக்கம் இன்னும் வந்திருக்காது. மொழி காதில் விழும், மனதில் ஏறாது. காலையில் கதவைத் திறந்து வெளியே போவதே பெரும்பாடாகிவிடும். மூன்றாவது வாரத்தில் "எனக்கு இது வராது" என்பார்கள். 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் படிநிலைகளை விவரித்தார். அதற்கு முன்பே 1955-ல் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய சுமார் இருநூறு நார்வேக்காரர்களிடம் பேசி, மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மீண்டும் ஏறுவதைக் கண்டார். எல்லோருக்கும் இது பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அவர் சொன்ன வளைவு மாதக்கணக்கில் நீள்வது. ஆனாலும் ஆறு வாரப் பயணத்தில் அதன் சிறிய வடிவத்தை நான் ஆண்டுதோறும் பார்த்தேன்.

சிக்கல் எங்கே தெரியுமா? ஆறு வாரம் என்பது சரிவைச் சந்திக்கப் போதும், மேலே ஏறத்தான் போதாது. அதனால் பயணத் திட்டத்திலேயே அதற்கு இடம் விட வேண்டும். நான் முதலில் அழைத்துச் சென்ற குழுக்களில், கடினமான நேர்காணல்களையெல்லாம் மூன்றாவது வாரத்தில்தான் வைத்தேன். அதற்குள் மாணவர்கள் ஊருக்குப் பழகியிருப்பார்கள் என்ற கணக்கு. அது தப்புக் கணக்கு. பிறகு மாற்றினேன். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சின்ன வேலை. பேருந்து நிறுத்தமோ, நூலக வாசலோ, சலவை நிலையமோ, ஓர் இடம். அங்கே தினமும் அதே நேரத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். யாரிடமும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காவது நாளில் யாராவது ஒருவர் அவர்களைப் பார்த்துத் தலையசைப்பார். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்வி ஒரு மாணவனுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இன்னொன்றும் செய்தேன். கிளம்புவதற்கு முன்பே மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் கதையைச் சொல்லிவிடுவேன். 1915-க்கும் 1918-க்கும் இடையே நியூகினி அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இரண்டு முறை நெடுநாள் தங்கி, களப்பணி என்றால் இப்படி என்று உலகுக்கே காட்டியவர். 1942-ல் இறந்தார். 1967-ல் அவருடைய நாட்குறிப்பு அச்சில் வந்தது. அதில் வீட்டு ஏக்கம் இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது, வேலையைத் தள்ளிப்போட்டு நாவல் படித்த நாட்கள் இருக்கின்றன. அந்த மக்களைப் பற்றிய மோசமான சொற்களும் இருக்கின்றன. அவற்றை நான் மாணவர்களிடம் மறைத்ததும் இல்லை, நியாயப்படுத்தியதும் இல்லை. "உங்களுக்கும் இப்படிப்பட்ட நாட்கள் வரும். வந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்பேன். முன்கூட்டியே கேட்டிருந்ததால், சரிவு வந்தபோது அதைத் தங்கள் தகுதிக் குறைவாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் திரும்பிப் போக விரும்பினால் அனுப்பி வையுங்கள். மனதார அனுப்புங்கள். அவருக்கு மதிப்பெண் பறிபோகாத ஒரு வழியைத் துறையில் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கும் மாணவர், அந்த ஊர் மக்களுக்கும் பாரமாகிவிடுவார்.

இனி, 'சுற்றுலா வழிகாட்டி'. கேட்டவர் மாணவர்களின் களக்குறிப்பு ஒன்றைக்கூட இரவில் உட்கார்ந்து படித்தவராக இருக்க முடியாது. நம் வேலையே அதுதான். பகலில் நமக்கு அதிகம் வேலை இல்லை என்றே சொல்வேன். மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடங்கும். பன்னிரண்டு பேரும் அன்றன்று எழுதித் தருவார்கள். ஆளுக்கு மூன்று பக்கம் என்றால் முப்பத்தாறு பக்கம். அத்தனையும் படித்து, ஓரத்தில் கேள்விகள் எழுதி, மறுநாள் காலை அவர்கள் வெளியே கிளம்புவதற்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பயன் பாதியாகிவிடும். பார்த்தது மறக்கத் தொடங்கியிருக்கும்.

என்ன கேள்விகள்? ஒரு மாணவன் "வீட்டுக்காரர் அன்பாக நடந்துகொண்டார்" என்று எழுதுவான். "என்ன செய்தார்? எங்கே உட்கார வைத்தார்? அவர் எங்கே உட்கார்ந்தார்? யார் நின்றுகொண்டிருந்தார்கள்? தொலைக்காட்சியை நிறுத்தினாரா?" என்று ஓரத்தில் எழுதுவேன். அன்பு என்பது அவன் எடுத்த முடிவு. முடிவுக்கு முன்னால் அவன் கண்ணில் பட்டது எனக்கு வேண்டும். கண்டது, காதால் கேட்ட சொல், தன் மனதில் தோன்றியது: இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதப் பழக்குவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். அதைப் பழகிய மாணவர் வாழ்நாள் முழுக்க வேறு கண்ணோடு பார்ப்பார். ஆறு வாரத்தில் நீங்கள் தரக்கூடியதில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கரையோர ஊரில் தங்கியிருந்தோம். ஒரு மாணவன் நான்கு நாள் குறிப்புகளிலும் "இங்கே பெண்கள் அதிகம் பேசுவதில்லை" என்று எழுதியிருந்தான். நான் "நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வீட்டின் படம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தான். நான்கு நாளும் அவனை வாசலில், ஆண்களுக்கு நடுவில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அதே வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்வந்த மாணவி ஒருத்தியின் குறிப்பையும் எடுத்துவரச் சொன்னேன். பெண்களின் பேச்சே பதினோரு பக்கம் இருந்தது. கடன், பள்ளிக்கூடம், படகுக்கூலி, வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பற்றிய விமர்சனம், எல்லாம் அதில் இருந்தன. இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். அன்று நான் எதுவும் விளக்கவில்லை. நாம் எதைக் காண்கிறோம் என்பது அந்த ஊர் நம்மை எங்கே உட்கார வைக்கிறது என்பதைப் பொறுத்தது என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அது அவர்களுக்குப் புரிந்தது.

குறிப்புகளைப் பத்திரமாக வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948-ல் மைசூர் அருகே ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்தார். அந்தக் குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டுகள் சீராக்கி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். சீராக்கிய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் ஒரே இடத்தில் இருந்ததால் மூன்றும் போயின. பிறகு நினைவை வைத்தே அந்தக் கிராமத்தைப் பற்றி எழுதினார். 1976-ல் அந்த நூல் வெளிவந்தது. "நினைவிலிருந்தே எழுத முடியுமென்றால் குறிப்பு எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் குறிப்புகளோடு மல்லுக்கட்டியதால்தான் அவருக்கு அந்த நினைவே வாய்த்தது என்று சொல்வேன். பிரதிகளை வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது. இப்போது கணினி இருக்கிறது. கூடவே வேறொரு ஆபத்தும் இருக்கிறது: பெயர்களோடு இருக்கும் கோப்பு, தொலைந்துபோன கைபேசி வழியாக யார் கைக்கும் போகலாம். பேசியவர்களின் உண்மைப் பெயர்கள் களக்குறிப்பில் முதல் நாளிலிருந்தே இருக்கக்கூடாது. எந்த மாற்றுப்பெயர் யாருக்கு என்ற பட்டியல் தனியாக, கடவுச்சொல் போட்டு, உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

நேர்காணலில் கூடவே இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முதல் சந்திப்புக்குப் போங்கள், வணக்கம் சொல்லுங்கள், நீங்கள் யார், மாணவர் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு எழுந்து வந்துவிடுங்கள். என் இரண்டாவது பயணத்தில் ஒரு மாணவியோடு மூன்று நேர்காணல்களுக்குத் தொடர்ந்து போனேன். உதவுவதாக நினைப்பு. மூன்றிலும் பேசியவர் என் முகத்தைப் பார்த்தே பேசினார். வயதில் மூத்தவர், பேராசிரியர் என்ற மரியாதை அவருக்கு. அவள் கேட்ட கேள்விக்குக்கூட என்னிடமே பதில் சொன்னார். என் மாணவி வெறும் எழுத்தராகிவிட்டாள். மூன்றாம் நாள் இரவு அவள் குறிப்பில் "இன்று ஆசிரியர் நேர்காணல் எடுத்தார்" என்று ஒரே ஒரு வரி. அவள் என்னைக் குறை சொல்லவில்லை, கண்டதைத்தான் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு நான் யாருடனும் உட்காரவில்லை.

ஆனால் எட்டாத தூரத்திலும் இருக்கக்கூடாது. 1925-ல் மானிடவியலாளர் மார்கரெட் மீட் இருபத்து மூன்று வயதில் கள ஆய்வுக்குக் கிளம்பியபோது, பசிபிக் பெருங்கடலின் பாலினேசியாவில் எங்கோ தொலைவான தீவுக்குப் போகத்தான் அவருக்கு ஆசை. அவருடைய ஆசிரியர் ஃபிரான்ஸ் போவாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பல் தவறாமல் வந்துபோகும் தீவாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அப்படித்தான் சமோவா முடிவானது. உங்கள் கணக்கும் அதுவாகவே இருக்கட்டும். எந்த மாணவர் எங்கே இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் உங்களாலோ உங்களுக்கு உதவியாக வரும் ஆசிரியராலோ அங்கே போய்ச் சேர முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் ஆய்வு வேண்டாம்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதே போவாஸின் துறையில் படித்த ஹென்றியெட்டா ஷ்மெர்லர் 1931 கோடையில் அரிசோனாவில் அபாச்சி பழங்குடி மக்களிடையே தனியாகக் களப்பணிக்குப் போனார். ஜூலையில் கொல்லப்பட்டார். அவர் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்று பல பத்தாண்டுகள் பழி அவர்மீதே சுமத்தப்பட்டது. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர் ஜூலியோ ரெஜேனி, கெய்ரோவில் சுயேச்சைத் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஜனவரி 25 அன்று காணாமல் போனார். சித்திரவதைத் தழும்புகளோடு அவர் உடல் பிப்ரவரி 3 அன்று கிடைத்தது. இரண்டு பேரும் மாணவர்கள். அவர்களை நினைக்காமல் ஒரு மாணவரின் ஆய்வுத் தலைப்புக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்றும் நினைக்காதீர்கள். கள ஆய்வு செய்யும் பல துறைகளைச் சேர்ந்த 666 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான கணக்கெடுப்பில், களத்தில் தங்களுக்குப் பாலியல் ரீதியான சீண்டல் பேச்சு நேர்ந்ததாக 64 சதவீதம் பேர் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண்களுக்கு இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய குழுவிலேயே இருந்த மேலதிகாரிகள். அதாவது நம்மைப் போன்றவர்கள். ஆகவே உங்களுக்கு எதிராகவே ஒரு மாணவர் புகார் சொல்ல வேண்டியிருந்தால் யாரிடம் சொல்வது என்பதும் கிளம்பும் முன் அவர்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தொலைபேசி எண் நம் ஊரில் இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும், உங்கள் துறைத் தலைவருக்குக் கட்டுப்படாதவராக இருக்கட்டும்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்கள் அலுவலகமும் சொல்லும். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்யாதீர்கள். கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் ஆய்வுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். ஆய்வால் மக்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதல், நம் பல்கலைக்கழகத்திலும் அந்த நாட்டிலும் வேண்டும். பேசுபவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டாலே மிரளும் மக்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தவர்களிடம் காகிதத்தை நீட்டினால் அந்த உறவு அங்கேயே முடிந்துவிடும். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வார மாணவருக்குக் கொடுக்கக் கூடாத தலைப்புகளும் உண்டு. அரசின் கண்காணிப்பில் இருக்கும் அமைப்புகள், ஆவணம் இல்லாமல் குடியேறியவர்கள் போன்றவை. நம் மாணவர் விமானம் ஏறிவிடுவார். அவரிடம் பேசியவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

மொழி தெரிந்த மாணவியைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அவளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். கட்டணம் கொடுத்து அந்த ஊர்க்காரர் ஒருவரை அமர்த்துங்கள். பணம் இல்லை என்று துறை சொன்னால் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். மொழி தெரிந்த ஒரு மாணவனை மொழிபெயர்க்க வைத்து நான் ஒரு முறை இந்தத் தவறைச் செய்தேன். இரண்டே வாரத்தில் அவன் எல்லோருடைய ஆய்வையும் சுமந்துகொண்டிருந்தான், அவனுடைய ஆய்வு மட்டும் தொடங்கவே இல்லை. அதைவிட நுட்பமான கஷ்டம் ஒன்று உண்டு. மற்ற பதினொருவரையும் அந்த ஊர் விருந்தாளியாகப் பார்க்கும். அவளை வீட்டுப் பெண்ணாகப் பார்க்கும். "உன் அப்பா எந்த ஊர்? ஏன் மொழியை இப்படிப் பேசுகிறாய்? இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?" என்று கேட்கும். மற்றவர்கள் செய்யும் தவறைப் பொறுத்துக்கொள்பவர்கள் அவளிடம் பொறுக்க மாட்டார்கள். அதே சமயம் மற்றவர்களுக்குத் திறக்காத கதவுகளும் அவளுக்குத் திறக்கும். கிளம்பும் முன் அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசுங்கள். அங்கே போன பிறகு வாரம் ஒரு முறை பேசுங்கள். குழுவிலேயே அதிகம் கற்கப்போகிறவளும் அவள்தான், அதிகம் காயப்படக்கூடியவளும் அவள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கொண்டுவரும் தலைப்புகளில் பாதி, வறுமையைப் பற்றியதாகவோ துயரத்தைப் பற்றியதாகவோ இருக்கும். நல்ல மனதோடுதான் கொண்டுவருவார்கள். அப்போது அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எழுதியதை அவர் வீட்டில், அவர் முன்னால் உட்கார்ந்து வாசிக்க முடியுமா?" மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1970-களில் அயர்லாந்தின் ஒரு கிராமத்தில் தங்கி, அங்கிருந்த மனநோயையும் குடும்ப வாழ்க்கையையும் பற்றி எழுதினார். 1979-ல் நூல் வந்தது, பரிசும் பெற்றது. ஊருக்கும் ஆட்களுக்கும் மாற்றுப்பெயர் கொடுத்திருந்தார். ஊர்க்காரர்கள் வாசித்தார்கள், யார் யார் என்று கண்டுபிடித்தார்கள், புண்பட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அவர் திரும்பிப் போனபோது, போய்விடச் சொன்னார்கள். அதை அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். படிக்கத் தெரியாத ஊர் என்று இனி உலகில் எதுவும் இல்லை. உங்கள் மாணவர் இணையத்தில் போடும் ஒரு படமும் அதே நாளில் அந்த வீட்டுக் கைபேசிக்குப் போய்ச் சேரும்.

சரி, உங்கள் புத்தகம்.

இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்லி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலை உங்கள் எழுத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். பயணம் ஆறு வாரம் என்றாலும், முன்னேற்பாட்டுக்கு நான்கு மாதம், திரும்பிய பின் அறிக்கைகளுக்கு இரண்டு மாதம். ஐந்து ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய என் இரண்டாவது நூலுக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் பேராசிரியர் ஆனார்கள். அது எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இந்தத் துறை வளர்ந்தது யாரால் என்பதையும் பாருங்கள். ராபர்ட் பார்க் பத்திரிகையாளராக இருந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தார். தன் பெயரில் மட்டும் எழுதிய நூல்கள் அவருக்குக் குறைவு. மாணவர்களை நகரத் தெருக்களுக்கு அனுப்பினார். ஃபிரெடரிக் த்ராஷர் இளைஞர் கும்பல்களைப் பற்றி 1927-ல் எழுதினார், ஹார்வி சோர்பா செல்வர் குடியிருப்பையும் அதை ஒட்டிய சேரியையும் பற்றி 1929-ல் எழுதினார். அந்த நூல்களுக்கு முன்னுரை எழுதியவர் பார்க். நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன, நகரச் சமூகவியல் கற்பவர்கள் இன்றும் அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்குகிறார்கள். பார்க்கின் காலத்துப் பல்கலைக்கழகம் வேறு, இன்றைக்கு உள்ளது வேறு என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். இன்று யாரும் முன்னுரைகளை எண்ணிப் பதவி தருவதில்லை. அதனால்தான் பேரம் பேசச் சொல்கிறேன்.

என்ன கேட்பது? பயணம் உள்ள ஆண்டில் உங்களுக்கு ஒரு பாடம் குறைய வேண்டும். பயணம் ஒன்றுவிட்ட ஆண்டுதான் உங்கள் பொறுப்பு, இடைப்பட்ட ஆண்டில் வேறொருவர் போக வேண்டும். இன்னொரு ஆசிரியர் கட்டாயம் கூட வர வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. காய்ச்சல் வந்த மாணவரோடு ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் மீதிப் பதினொருவரை யார் பார்ப்பது? பன்னிரண்டு மாணவருக்குக் களப்பயிற்சி தருவதை ஆய்வு மேற்பார்வையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக எந்த மாணவரின் ஆய்வையும் அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு வேண்டும், யாரிடமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல். இவை எல்லாம் எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன துறைத் தலைவர் மாறிவிட்டால் வாக்கும் மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

நீங்கள் செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. மாணவர்களின் குறிப்புகளை எடுத்து உங்கள் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும். பன்னிரண்டு பேர் ஆறு வாரம் திரட்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், உங்கள் அத்தியாயமோ காலியாக இருக்கும். தொடாதீர்கள். சேர்ந்து எழுதுவதென்றால் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு கேளுங்கள், அவர்கள் பெயரையும் போடுங்கள். அதற்கு முன்னால் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. மாறாக, அதே ஊரில் உங்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் வெளியே போன பகல் நேரத்தில் அதைப் பாருங்கள். ஆசிரியரும் மாலையில் தன் குறிப்பை எழுதுகிறார், அவரும் சில நாள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார் என்று மாணவர்கள் காண்பது அவர்களுக்கும் நல்லது. பத்து ஆண்டு ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போன பிறகு, அந்தச் சின்னக் கேள்வியிலிருந்துதான் என் மூன்றாவது நூல் பிறந்தது. அதை எழுத மூன்றே ஆண்டுகள் ஆயின.

ஒரே ஊர் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆண்டுக்கொரு நாடு என்று மாற்றாதீர்கள். புதிய இடம் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்று அலுவலகம் ஆசைப்படும். திரும்பி வருபவர்களைத்தான் ஊர் நம்பும். ஐந்தாவது வாரக் கடைசியில் ஒவ்வொரு மாணவரும் தான் கண்டதை அந்த மக்களிடமே, அவர்கள் மொழியில், பத்து நிமிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். மக்கள் திருத்துவார்கள், சிரிப்பார்கள், சில நேரம் கோபப்படுவார்கள். ஆறாவது வாரம் அதையெல்லாம் சேர்த்துத் திரும்ப எழுதுவதற்கு. அடுத்த ஆண்டு புதிய மாணவர்களோடு போகும்போது, பழைய அறிக்கையின் மொழிபெயர்ப்பை அச்சிட்டு எடுத்துப் போவோம். "சென்ற ஆண்டு வந்த அந்தப் பையன் இதைத் தப்பாக எழுதியிருக்கிறான்" என்று ஒரு மூதாட்டி என்னிடம் பக்கத்தைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறார். புதிய குழுவின் முதல் நாள் பாடம் அதுவாக அமைந்தது.

ஆக, பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆண்டே தலைமை ஏற்க வேண்டாம். மூத்த பேராசிரியர் ஓய்வு பெற இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. இந்தக் கோடையில் அவருக்குத் துணையாகப் போகிறேன் என்று துறைக்கு எழுதுங்கள். அவர் மாணவர்களோடு பேசுவதைவிட, ஊர்க்காரர்களோடு எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். யார் வீட்டுக்கு முதலில் போகிறார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். அவர் பதவியை விட்டாலும் அந்த உறவுகள் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. அவர் பக்கத்தில் நீங்கள் நிற்பதை அந்த ஊர் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று செய்ய முடிந்தால் செய்யுங்கள். சென்ற ஆண்டு திரும்பி வந்துவிட்ட அந்த மாணவி இப்போதும் உங்கள் துறையில்தானே படிக்கிறாள்? அவளைக் கூப்பிட்டு, விருப்பம் இருந்தால் மட்டும், அந்த மூன்று வாரக் குறிப்பேட்டை உங்களுக்குப் படிக்கத் தருவாளா என்று கேளுங்கள். தந்தால், ஓரத்தில் கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.